எட்டாவது பேட்

கண்ணாயிரம் இடுப்பை ஒடித்து ஒரு எட்டு வைப்பான். பாலகுமார் குச்சியால் எட்டாவது பேடைத் தட்டுவான். 'பொய்ங்ங்' என்று ஒரு சத்தம் வரும், கட்டில் ஸ்பிரிங் அறுந்த மாதிரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். இன்னொரு எட்டு, இன்னொரு பொய்ங். கடலூர் 'வெள்ளி அலை' இன்னிசைக் குழுவின் கச்சேரி எதுவானாலும், திருவிழாவோ காதுகுத்தோ கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணமோ, பாடுகிறவர்கள் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் இந்த ஐட்டம் இல்லாமல் இருந்ததில்லை. பொம்பளை மாதிரி நடக்கிற ஒரு ஆம்பளை பஸ் ஏறுவான், டெய்லரிடம் அளவு கொடுப்பான், போலீஸ்காரரைப் பார்த்து வெட்கப்படுவான். அவ்வளவுதான் கதை. இருபத்திரண்டு வருஷமாக அதே கதைதான். இந்த ஜில்லாவும் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது, என்னத்தைச் சொல்ல.

பேட் என்பது எட்டுக் கட்டமாகப் பிரித்த ஒரு ரப்பர் பலகை. ஒவ்வொரு கட்டத்திலும் நமக்கு வேண்டிய சத்தத்தை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். பாலகுமாரின் பேடில் ஏழு கட்டத்தில் தபேலாவும் டோலக்கும் டிரம்மும் இருந்தன. எட்டாவதில் இந்த அசிங்கம். அதை ஏற்றி வைத்தவன் அவனேதான். யாரும் கேட்டு ஏற்றவில்லை.

அவன் பேட் வாசிக்க வந்தவனே இல்லை. காடாம்புலியூரில் அப்பாவின் பலாத்தோப்பை விட்டுவிட்டுப் பாட வந்தவன். மெல்லிசான குரல், நன்றாக ஏறும். பாடகி வராத நாளில் டூயட்டில் பெண் பாட வேண்டிய இடத்தையும் அவனே பாடிவிடுவான். கூட்டம் கண்ணை மூடிக் கேட்கும். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கச்சேரியில் அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தன் "டேய் ஒம்போது" என்று கத்தினான். சனம் சிரித்தது. சரி, சனம் சிரிக்கும். கூடவே குழு நடத்துகிற பொன்னுரங்கமும் சிரித்தார். அந்த வாரமே பாலகுமார் மைக்கை விட்டுவிட்டுப் பேடுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அடுத்த கச்சேரியில் கண்ணாயிரம் இடுப்பை ஆட்டியபோது இவனாகவே அந்தச் சத்தத்தைத் தேடி எடுத்துத் தட்டினான். சிரிக்கிறவன் பக்கம் நின்றுவிட்டால் நம்மைப் பார்த்து எவனும் சிரிக்க மாட்டான் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததுதான் கொடுமை. அதற்குப் பிறகு அவன் எப்படி நடக்கிறான், ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட வெட்கங்கெட்ட காரியம் அவனிடம் இன்னும் ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் குழுவில் இளவரசி என்று ஒரு பாடகி இருந்தாள். அப்படி ஒரு தொண்டை இந்தப் பக்கம் இல்லை. அவள் புதுச்சேரியில் ஒரு பெண்ணோடு குடியிருக்கிறாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். "குடும்பம் குட்டியோட வந்து கேக்கற எடத்துல இதெல்லாம் சரிப்படாதும்மா" என்று பொன்னுரங்கம் வேனில் ஏறியிருந்தவளை இறக்கிவிட்டார். பாலகுமார் வேனுக்குள் உட்கார்ந்து பேடின் உறைக்கு ஜிப்பு போட்டுக்கொண்டிருந்தான். மூடிய ஜிப்பைத் திறந்து மறுபடியும் மூடினான். அவள் ஜன்னல் வழியாக அவனையே பார்த்தாள்.

இதெல்லாம் பழைய கதை. இப்போதுதான் காலம் மாறிவிட்டதே!

சாய்நாத் என்று சிதம்பரத்துப் பையன் ஒருவன், சென்னைக்குப் போய்ப் பாடுகிறவன், போன வருஷம் ஒரு பாட்டைப் பாடி நெட்டில் போட்டான். அதில் அவனும் இன்னொரு பையனும் கைகோத்துக்கொண்டு கடற்கரையில் நடப்பார்கள். இவர்தான் என் ஆள் என்று பேட்டியிலும் சொல்லிவிட்டான். முதல் மாதம் பொன்னுரங்கம் அந்த வீடியோவை எல்லாருக்கும் காட்டி, "த்தூ, நம்ம ஊரு மானமே போச்சி" என்றார். பாட்டு லட்சக்கணக்கில் ஓடியது. அடுத்து அவனுக்கு சினிமாவில் ஒரு பாட்டு கிடைத்தது, அதுவும் ஓடியது. பொன்னுரங்கத்தின் வாட்ஸப் படத்தில் சாய்நாத் ஏறிவிட்டான். "நம்ம புள்ளடா. சின்னப் பையன்ல எம்மேடையிலதான் மொதமொத பாடுச்சி" என்று வாய்கூசாமல் புளுகினார். அதோடு விட்டாரா?

"பாலா, அந்த இளவரசி நம்பரு இருக்குமா ஒங்கிட்ட?" என்று கேட்டார். "இப்ப அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் மார்க்கெட்டு. ரெண்டு பேரையும் ஒரே மேடையில ஏத்துனா சூப்பரா இருக்கும்டா."

பாலகுமாருக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்புவதற்கு ஊறிய எச்சில். அதை விழுங்கிவிட்டு நம்பரைக் கொடுத்தான். இளவரசி பொன்னுரங்கத்திடம் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாளாம், "எந்தொண்டைய அன்னிக்கே வேன்லேருந்து எறக்கிட்டீங்கண்ணே." அதைச் சொல்லிச் சொல்லிப் பொன்னுரங்கம் ஒரு வாரம் சிரித்தார், அது ஏதோ நல்ல ஜோக் மாதிரி.

சாய்நாத் ஒப்புக்கொண்டான். காணும் பொங்கலன்று சிதம்பரத்தில், அவன் பிறந்த தெருவிலேயே, தெரு இளைஞர் மன்றம் கச்சேரி வைத்திருந்தது. வெள்ளி அலை வாசிக்க, சாய்நாத் பாடுவதாக ஏற்பாடு.

அது சத்யநாராயணனுக்கும் சொந்தத் தெரு.

சத்யா கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். பதினாறு வருஷமாக அவனும் பாலகுமாரும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரே மாடி போர்ஷனில் குடித்தனம். சிதம்பரத்தில் அக்கா கார்த்யாயினியிடமும் சிற்சபேசன் மாமாவிடமும் கேட்டால், சத்யா கடலூரில் ஒரு மேன்ஷனில் தனி ரூம் எடுத்திருக்கிறான், பாவம், வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட ஆளில்லை என்பார்கள். பதினாறு வருஷமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சத்யா தனியாகவே ஊருக்குப் போய் வந்தான்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில், சிதம்பரத்துக்குக் கிளம்ப சத்யா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு நாளைக்கு வேண்டியதைவிடப் பை பெரியதாக இருந்தது. பாலகுமார் கேட்காமலே அவன் சொன்னான்:

"நாளைக்கு எங்க மாமா முன்வரிசையில உக்காந்திருப்பார். அவர் பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். நீ அந்தச் சனியனைத் தட்டுவே. அவர் சிரிப்பார். நான் பக்கத்துல உக்காந்து அதைப் பாக்கணும், இல்லையா?"

"எனக்கென்னா ஆசையா சத்யா? வேல அது."

"உன் கச்சேரிக்கு நான் ஏன் ஒரு நாளும் வரதில்லைன்னு நீ கேட்டதே இல்லை. வீடியோவுல அந்த சத்தம் கேக்கும்போதெல்லாம் எவனோ கன்னத்துல அறையற மாதிரி இருக்கு. அறையறது நீ." ஜிப்பை இழுத்து மூடினான். "நாளைக்கு அது உன் கையிலேர்ந்து வந்துதுன்னா நான் கடலூருக்குத் திரும்பி வரமாட்டேன். அக்கா ஆத்துலயே இருந்துண்டு டெய்லி பஸ்ல வேலைக்கு வந்துடுவேன். மெரட்டல்லாம் இல்லை பாலா. முடியலை, அவ்வளவுதான்."

பாலகுமார் உடனே பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டான். "நாளைக்கு அந்த மிமிக்ரி வேணாம்ண்ணே. அந்தப் பையன் மேடையில இருக்கறப்ப நல்லாருக்காது."

"சேச்சே, எனக்குத் தெரியாதாடா? நீ கம்முனு வா" என்றார் அவர்.

அதைச் சத்யாவிடம் சொன்னான். சத்யா நம்பினானா என்று தெரியவில்லை. போய்விட்டான். பாலகுமார் பேடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எட்டாவது கட்டத்தை அழித்துவிடலாமா என்று யோசித்தான். இரண்டு பட்டனை அமுக்கினால் போதும். அழித்த பிறகு எங்கடா என்று கேட்டால் என்ன சொல்வது? அமுக்காமலே உறையில் போட்டு மூடினான். நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு பயம் எதற்கு? தன்னைப் பார்த்தே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

காணும் பொங்கலன்று சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. மேடைக்கு முன்னால் ஜமக்காளத்தில் குழந்தைகள், அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் வரிசை நடுவில் சிற்சபேசன் மாமா, பட்டுக்கரை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக. பக்கத்தில் சத்யா. பாலகுமாரை முன்பின் தெரியாதவன் மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம் இருந்தது.

சாய்நாத் இரண்டு பாட்டுப் பாடினான். உண்மையிலேயே நல்ல குரல். பாலகுமாருக்கு வாசித்துக்கொண்டே உடம்பு சிலிர்த்தது. ஒருகாலத்தில் தனக்கும் இந்த இடத்தில் இப்படித்தான் குரல் நின்றது என்று தோன்றியது. சனம் கைதட்டியது, விசிலடித்தது. மன்றத்துச் செயலாளர் சால்வை போட்டார். போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை கட்டி நின்றார்கள். பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்தார்.

"காலம் மாறிப்போச்சிங்க. யார் யாரோட இருந்தா நமக்கென்னாங்க? அன்புதாங்க முக்கியம். இந்தத் தம்பிய இந்த ஊரு தலைமேல வெச்சிக் கொண்டாடுது பாருங்க!" கைதட்டல். "இப்ப தம்பி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். நம்ம மிமிக்ரி கண்ணாயிரம் வராரு. தம்பி ரொம்ப ஸ்போர்ட்டிவ்வு, கோச்சிக்க மாட்டாப்ல. என்னா தம்பி?"

சாய்நாத் ஒரு புன்னகை புன்னகைத்தான். அந்தப் புன்னகையைப் பாலகுமாருக்குத் தெரியும். உதடு மட்டும் விரிந்து கண் அப்படியே நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷமாக வேன் கண்ணாடியிலும் மேக்கப் ரூம் கண்ணாடியிலும் அவன் பார்த்து வந்த புன்னகை.

கண்ணாயிரம் வந்தான். சாய்நாத்தின் தோளில் இருந்த சால்வையை உருவித் தன் மேல் தாவணி மாதிரி போட்டுக்கொண்டான். கடற்கரையில் கைகோத்து நடப்பது போலச் சாய்நாத்தின் கையைப் பிடித்தான். இடுப்பை ஒடித்து ஒரு எட்டு வைத்தான்.

பாலகுமாரின் வலது கை தானாக மேலே எழும்பியது. மூளையைக் கேட்டுக்கொண்டு எழும்பவில்லை. குச்சி எட்டாவது கட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வந்ததும், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். திருடனைப் பிடிப்பது போலத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

சத்தம் வரவில்லை. ஒரு நொடி தெருவே அமைதியாக இருந்தது.

அப்புறம், "பொய்ங்ங்" என்றது கூட்டம்.

ஒருத்தர் இல்லை, இருநூறு பேர். வாயாலேயே, சரியான சுருதியில், கடைசியில் அந்த இழுப்போடு. நாற்காலியில் இருந்த பெண்கள், மரத்தடியில் நின்ற ஆட்டோக்காரர்கள், வேட்டியில் இருந்த பெரியவர்கள். சிற்சபேசன் மாமாவின் தொப்பை குலுங்கியது. கண்ணாயிரம் அடுத்த எட்டு வைத்தான். மறுபடியும் இருநூறு வாய். இதை இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார்? ஊர் ஊராகப் போய் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தவன் யார்? அவன் கையை நிறுத்திக்கொண்டால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தான், முட்டாள். சத்தம் அவனை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தது.

"இன்னாடா, அடி!" என்று ஓரத்திலிருந்து பொன்னுரங்கம் பல்லைக் கடித்தார்.

பாலகுமார் குச்சிகளைக் கீழே வைத்தான்.

கண்ணாயிரத்துக்குக் கூட்டத்தின் சூடு ஏறிவிட்டது. சாய்நாத்தை விட்டுவிட்டுப் பேடுக்குப் பக்கத்தில் வந்தான். "நம்ம பேட் அண்ணனுக்குக் கோவங்க! ஏண்ணே அடிக்கல? ஒங்க சொந்தக்காரங்களா அவுங்கள்ளாம்?" என்று கேட்டு மைக்கைப் பாலகுமாரின் வாய்க்கு நேரே நீட்டினான். சிரிப்பு அலையடித்தது.

மைக் முன்னால் வாய் வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாலகுமார் முதல் வரிசைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. தான் விழுந்தாலும் சத்யா மேல் விழக் கூடாது என்று அந்த நேரத்திலும் ஒரு எச்சரிக்கை.

"ஆமா கண்ணாயிரம்" என்றான். "நீ நடந்து காட்டுறது என்னத்தான். சத்தம் போட்டதும் நாந்தான். எவனாவது என்னப் பாத்து சிரிச்சிடுவான்னு பயந்துகினு நானே போட்டது. நாத்தம் புடிச்ச வேல. இனிமே செய்ய மாட்டன்."

கண்ணாயிரத்தின் மைக் பிடித்த கை இறங்கியது. சாய்நாத்தின் முகத்தில் இருந்த புன்னகை கழன்று போனது.

ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், ஆறு வயது இருக்கும், பாலகுமாரைப் பார்த்து வாயைக் குவித்தாள். "பொய்ங்ங்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த இடத்தில் இந்தச் சத்தம் வர வேண்டும் என்பது மட்டும் தெரியும். தெரு வெடித்துச் சிரித்தது. பாலகுமார் அந்தக் குழந்தையைப் பார்த்தான். அவள் தனக்குக் கிடைத்த சிரிப்பில் பூரித்துப் போய் இன்னொரு தடவை சொன்னாள்.

அவன் குனிந்து வயரைப் பிடுங்கினான். சுருட்டினான். பேடை ஸ்டாண்டிலிருந்து கழற்றினான். திருகு வழுக்கிக்கொண்டே இருந்தது. சாய்நாத் பக்கத்தில் வந்து குனிந்து, "ஸாரிண்ணே" என்றான் தணிந்த குரலில்.

"நீ எதுக்குப்பா? நீ பாடு."

"போறவன் போவட்டும், டிராக்க போடு" என்று பொன்னுரங்கம் சவுண்டுக்காரனிடம் கத்தினார். பென் டிரைவில் இருந்த டிராக் ஓட ஆரம்பித்தது. அதில் பேடின் தாளமும் சேர்ந்தே இருந்தது. ஆள் இல்லாமலே கச்சேரி நடக்கும் என்பதும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

தோளில் பேடும் கையில் ஸ்டாண்டுமாக பாலகுமார் மேடைப் படியில் இறங்கினான். ஸ்டாண்டின் ஒரு கால் படியில் இடித்து விரிந்துகொண்டது. அதை மடக்க ஒரு கை போதவில்லை.

முதல் வரிசையில் சத்யா எழுந்தான்.

மாமா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்கேடா போறே? அந்த அசத்தோட உனக்கென்ன? ஒக்காரு."

"என்னோட இருக்கறவர், மாமா" என்றான் சத்யா. பக்கத்து நாற்காலிகளுக்கெல்லாம் கேட்டது. "பதினாறு வருஷமா. மேன்ஷன் கீன்ஷன் ஒண்ணும் கெடையாது."

மாமா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையை விட்டார். விட்ட கையை அங்கவஸ்திரத்தில் துடைத்தார். விரல் விரலாக, சந்து பொந்தெல்லாம், பொறுமையாகத் துடைத்தார். சத்யா அவர் துடைத்து முடிக்கும் வரை நின்று பார்த்தான். பிறகு வந்து ஸ்டாண்டின் காலை மடக்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு பேரும் நடந்தார்கள். வழி நெடுக முழங்கால்கள் ஒதுங்கின. மரியாதைக்கு ஒதுங்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். பின்னால் சாய்நாத் பாடிக்கொண்டிருந்தான். நடுநடுவே யாரோ அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். தெருமுனை திரும்பும் வரை அது கூடவே வந்தது.

சத்யாவின் பை அக்கா வீட்டில் இருந்தது. அதை எடுக்கப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி கிளம்புவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து, பேடைக் குழந்தை மாதிரி இருவர் மடியிலுமாகக் கிடத்திக்கொண்டார்கள்.

சத்யா, "தொடச்சிண்டார், பாத்தியா?" என்றான்.

"பாத்தன்."

"அவர்தான் எனக்குப் பூணூல் போட்டார். கையைப் புடிச்சு அ, ஆ எழுதவச்சார்." தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "பதினாறு வருஷமா நான் பயந்துண்டிருந்தது இதுக்குத்தான். ஒரு தொடைப்பு. இவ்வளவுதானா பாலா?"

பாலகுமார் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். நாளைக்கு வீட்டுக்கார அம்மா இருக்கிறாள், கோர்ட்டு இருக்கிறது, காடாம்புலியூரில் அம்மா இருக்கிறாள். இந்நேரம் யாராவது ஒருத்தன் வீடியோவை அனுப்பியிருப்பான்.

"இன்னும் எத்தினி பேரு தொடைக்கணும்" என்றான்.

சத்யா சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். கண்டக்டர் டிக்கெட் போட வந்து நின்றார். பாலகுமார் ஒரு கையால் சத்யாவின் தோளை அணைத்துக்கொண்டான். கண்டக்டர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அந்தக் கையை எடுக்கவில்லை.

"ரெண்டு கடலூர்" என்றான்.